தொடக்கப் பள்ளியிற் படைவீரர்க்குச் சிறப்புச் செய்தல்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்திற் பேசுமாறு எம்மைப் பணித்த அன்பர்கள், இரண்டு பொருள்களைக் குறித்தனுப்பி, இவற்றுள் ஒன்றனைத் தெரிந்துகொள்க என்றனர். ஒன்று, பண்டைத் தமிழர் வீரம். மற்றொன்று, பள்ளிகளில் முன்னாட் படைவீரர்க்கு நம் சங்கத்தின் சார்பிற் பொன்னாடையும் வெள்ளிக் கேடயமும் வழங்கும் திட்டம். முன்னது எமக்கு மிக எளிது. தமிழ் படித்துப் பிழைப்பார்க்கு, இருந்த இடத்திலிருந்தே வீரம் பேசுதலினும் எளிய தொழில் பிறிதில்லை. ஆதலின் அதனை விடுத்துப் பின்னதையே எடுத்துக்கொண்டோம். அத்திட்டத்தில் எமக்கு உடன்பாடான பகுதியும் உண்டு. உடன்பாடல்லாத பகுதியும் உண்டு. இரண்டையும் மறையாது கூறுவோம். பெரியீர் பொறுத்தருள்க.

யாம் பணியாற்றுவது திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றன் தொடக்கப் பள்ளி. இப்பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்குப் போதல் இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. மழை பொய்த்தால் ஏரி பொய்க்கும். ஏரி பொய்த்தால் பிள்ளைகள் ஆளெடுக்கும் இடத்திற்குப் போய் வரிசையில் நிற்பர். 2022ஆம் ஆண்டுக்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து இருபது ஆண்டுப் பணி முடித்து, நாற்பது வயதை அணுகும்போதே வீடு திரும்புவர். அதன்பின்னர் அவரை வங்கி வாயிலிலும் ஆலைக் கதவடியிலும் காணலாம். நாம் அவரைக் கடந்து செல்கின்றோம். காண்கின்றோம் என்று சொல்லற்கில்லை.

விழாவிற்குரிய நாளைப்பற்றி முதற்கண் ஒரு சொல். முன்னாட் படைவீரர் நாள் என்று அரசினர் குறித்திருப்பது சனவரி 14. இந்தியத் தரைப்படைக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக 1949ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பொறுப்பேற்ற கரியப்பா, 1953ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஓய்வு பெற்றமை கருதி அந்நாள் கொள்ளப்பட்டது. காரணம் தக்கதே. ஆயின் நம் நாட்டில் அந்நாள் போகியாகவோ பொங்கலாகவோ வந்து வாய்க்கின்றது. பள்ளிக் கதவு பூட்டிக் கிடக்கும். படைவீரரும் தம் மாட்டின் கொம்புக்கு வண்ணம் தேடிக்கொண்டிருப்பர். ஆதலின் யாம் திசம்பர் 7ஆம் நாளைக் கொண்டோம். அது 1949ஆம் ஆண்டு முதல் கொடி நாளாக நடைபெற்று வருவது. சிறு கொடியைச் சட்டையிற் குத்திக்கொண்டு பிள்ளைகள் காசு கொடுப்பதும், அக்காசு படைவீரர் குடும்ப நலத்திற்குச் செல்வதும் யாவரும் அறிந்தன. அடைமழைக் காலமாயிருத்தல் ஒன்றே அந்நாளின் குறை.

எம் பள்ளியில் முதன்முறை இவ்விழாவை நடத்தியது 2014ஆம் ஆண்டில். அன்று யாம் செய்த பிழைகள் இரண்டு. அவற்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ளாமல் மேற்கொண்டு பேசுதல் எமக்கு ஆகாது.

அழைக்கப்படுவோர் பட்டியலை யாமே எழுதினோம். சுபேதாராயிருந்தவர் ஒருவர், ஹவில்தார் மூவர், விமானப் படையிலிருந்து வந்தவர் ஒருவர் என, ஊரார் பெருமையாக எடுத்துரைக்கும் பெயர்களே எம் நினைவுக்கு வந்தன. விழா நாட் காலையில் மழை தூறிற்று. பள்ளிக் காவற்காரர் நாற்காலிகளைத் தலைமேற் சுமந்து வந்து தாழ்வாரத்தில் இட்டார். நனைந்தவற்றைத் தம் துண்டாலே துடைத்தார். விருந்தினர்க்குத் தேநீர் வாங்கி வந்தார். வரவேற்புரை முடிந்து பொன்னாடை போர்த்துதல் தொடங்கிற்று. மூன்றாமவராக எழுந்த ஹவில்தார் ஆடையை ஏற்கவில்லை. தூணோரத்தில் தேநீர்த் தட்டுடன் நின்ற காவற்காரரைச் சுட்டி, "அண்ணனுக்குப் போட்டாச்சா, வாத்தியாரய்யா?" என்று வினவினார். எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எழுபத்தொன்றிலே கண்ணிவெடி எடுத்தவர் ஐயா அவர். அவர் நிற்கும்போது நான் எப்படிப் போட்டுக்கொள்வது?" என்றார்.

1971ஆம் ஆண்டுப் போரில், மேற்கெல்லையில் ஷகர்கர்ப் பகுதியிற் பசந்தர் ஆற்றங்கரையில் நடந்த சண்டையைப் பற்றிக் கேட்டிருப்பீர். ஆற்றின் இருமருங்கும் எதிரியர் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தனர். அவற்றினூடே வழி திறந்தாலன்றி நம் டாங்கிகள் அப்பாற் செல்லுதல் இயலாது. திசம்பர் மாதத்து இரவிற் குண்டு மழைக்கிடையே அவ்வழியைத் திறக்க முற்பட்டது, சென்னைப் பொறியாளர் படையைச் சார்ந்த 9ஆவது ரெஜிமெண்ட். 'மெட்ராஸ் சாப்பர்கள்' என்பர். படையிற் பிறர் இவர்களை அழைக்கும் செல்லப் பெயர் 'தம்பி' என்பது. எம் காவற்காரர் அந்த ரெஜிமெண்டில் இருந்தவர். அன்று அவர்க்கு வயது இருபத்தொன்று.

அவர் எம் பள்ளியில் ஏழாண்டுகளாக மணியடித்து வந்தவர். அவ்வேழாண்டில் ஒரு நாளேனும், "இதற்குமுன் நீர் என்ன தொழில் செய்தீர்?" என யாம் கேட்டதில்லை. ஆத்திசூடியிலிருந்து பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் யாம் கேட்டதில்லை. நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் எழுந்து, "வாட்ச்மேன் தாத்தா, நீங்களா?" என்றாள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஆம் என்று தலையசைத்தார்.

அவர் பெயரை இங்கு யாம் சொல்லாமைக்குக் காரணம் உண்டு. இதழில் அச்சிட வேண்டா, பள்ளிச் சுவரில் இருந்தாற் போதும் என்பது அவர் விருப்பம்.

இரண்டாவது பிழை இதனினும் எம்மைச் சுடுவது. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டொன்று உண்டு. முதல்நாட் போரில் தமையனையும் அடுத்த போரிற் கணவனையும் இழந்த மறக்குடி மங்கை, மறுபடி போர்ப்பறை கேட்டவுடன், தன் ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்துப் போக்கினாள் என்பது அதன் பொருள். அதனை வரவேற்புரையின் இறுதியில் எம்மால் இயன்ற குரலெடுத்து ஓதி, உரையும் விரித்தோம். ஆசிரியர் கைதட்டினர். முன்வரிசையில் முதிய அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் மகன் வடவெல்லையிற் பனிச்சரிவிற் சிக்கி மாண்டவன். விழா முடிந்து அவரை வழியனுப்பச் சென்றோம். அவர் எம்மை நோக்கி, "நீங்கள் சொன்ன அம்மா மாதிரி நான் அனுப்பவில்லை, ஐயா. சொன்னால் விடமாட்டேன் என்று சொல்லாமலே போய்விட்டான். திருப்பத்தூர் போய்ச் சேர்ந்தபிறகுதான் சேதி வந்தது" என்றார். வெகுளியோடு கூறினாரல்லர். பாட்டில் ஒரு தவறு இருப்பதை ஆசிரியர்க்கு எடுத்துக் காட்டுவார்போலவே கூறினார்.

மாசாத்தியார் பாட்டிற் குற்றமில்லை, குற்றம் எம்முடையது. வருந்தி நிற்கும் தாய் ஒருத்தியின் முன்னே, அவள் இவ்வாறிருந்திருத்தல் வேண்டும் என்று பாட்டைக் கொண்டு அளந்தோம். அன்று முதல் அவ்விழாவில் யாம் பாட்டு ஓதுவதில்லை. எம்மை அறிந்தார்க்கு இது பெரிய நோன்பென்பது தெரியும்.

நிற்க. இவ்விரு பிழைக்கும் வேர் ஒன்றே. வீரரைச் சிறப்பிப்பதாக எண்ணி யாம் வீரத்தைச் சிறப்பித்தோம், ஆளைக் காணவில்லை. நம் முன்னோர் இதில் நம்மினும் தெளிவுடையராயிருந்தனர் என்பதை எண்ணுந்தோறும் வியப்பு உண்டாகின்றது. தொல்காப்பியர் புறத்திணையியலில், வீழ்ந்த வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறாகப் பகுத்துக் கூறினார். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக ஊர் முழுதும் கூடிச் செய்த வினை அது. அக்கல்லில் அவர்கள் எழுதியது யாது? தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள், நம் நாட்டிற் கிடைத்த எழுத்துடை நடுகற்களில் மிகப் பழையன; தமிழ்ப் பிராமி எழுத்தால் அமைந்தன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பான் கல் என உணர்த்துகின்றது. சொற்கள் ஒரு கைவிரலளவே. ஆயினும் ஊர் உண்டு, செய்கை உண்டு, பெயர் உண்டு. புகழுரை ஒன்றும் இல்லை.

அவ்வளவு தொலை போக வேண்டுவதில்லை. நம் செங்கம் பக்கத்து எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்திருக்கின்றது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் நிரை மீட்டு வீழ்ந்தான். அவன் வளர்த்த நாய் கள்வர் இருவரைக் கடித்துப் போராடிற்று. அக்கல்லில் வீரன் உருவோடு நாயின் உருவும் உண்டு. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் எழுத்திற் பொறிக்கப்பட்டுளது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கும் மேலாக ஒரு நாயின் பெயர் கல்லில் நின்று நிலவுகின்றது.

இனி, எம் ஊர்க் கல்லைப் பற்றிக் கூறுவோம். பழைய சாவடிச் சுவரில் சிறு சலவைக்கல் ஒன்று பதிக்கப்பட்டுளது. இத்தகைய கற்களை நம் மாவட்டத்து ஊர்கள் பலவற்றிற் காணலாம். இவ்வூரினின்று 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்பது அதில் உள்ள ஆங்கில வாசகம். எண் இரண்டு, பெயர் ஒன்றுமில்லை. எடுத்தனூர் நாய்க்குக் கிடைத்தது எம் ஊர் மனிதர்க்குக் கிடைக்கவில்லை.

இஃது எம் ஊரோடு நின்ற குறையன்று. அப்போரில் இந்தியாவினின்று சென்று மாண்டோர் 70,000க்கு மேற்பட்டோர். பிரான்சு நாட்டு நவ்-ஷாப்பேல் என்னும் ஊரில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவிடத்தில், கல்லறை காணப்பெறாத 4,700க்கு மேற்பட்ட இந்தியர் பெயரைப் பொறித்தனர், அது நன்று. ஆனால் நம்மவர் மிகுதியாகச் சென்றது மெசபடோமியாவுக்கு. பாட்டிமார் வாயில் 'பஸ்ரா சண்டை' என வழங்குவது அதுவே. அந்தப் பஸ்ராவில் 1929ஆம் ஆண்டு எழுப்பிய நினைவுச் சின்னத்தில் ஆங்கிலேயர் பெயரெல்லாம் உண்டு. இந்தியருள் அதிகாரிகள் பெயரும் உண்டு. இந்தியச் சிப்பாய்களோ, இன்ன படையினர் இத்தனை பேர் என்று எண்ணாக நின்றனர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தார் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் தாமே ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் இதனை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தனர். பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருகால் 3,50,000 பேர் வரையில், பெயர் சுட்டி நினைக்கப்பட்டிலர், அல்லது நினைக்கப்படவே இல்லை என்பது அவர்தம் கணக்கு.

விடுதலை பெற்ற இந்தியா இதில் நல்வழி கண்டது. சிறிது காலந்தாழ்த்தே கண்டது எனினும் அமைக. புதுதில்லியில் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில், விடுதலைக்குப் பின்னர்ப் போர்களிலும் பிற நடவடிக்கைகளிலும் உயிர் துறந்த 25,000க்கு மேற்பட்டோர் பெயர் கருங்கற் பலகைகளில் உள. தளபதிக்கும் சிப்பாய்க்கும் எழுத்தின் அளவு ஒன்றே.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின், எம் பள்ளி விழாவை வேறு வகையில் அமைத்தோம். பொன்னாடை இல்லை. மேடையும் இல்லை, தாழ்வாரத்திற் பாய் விரித்துப் பிள்ளைகளும் படைவீரரும் எதிரெதிரே அமர்வர். முதியோர்க்கு நாற்காலி உண்டு. அதனைப் பிள்ளைகளே கொணர்ந்து இடுவர். ஒவ்வொருவரும் தம் பெயர், சேர்ந்த ஆண்டு, படைப்பிரிவு, இருந்த இடங்கள் ஆகியவற்றைக் கூறுவர். ஐந்தாம் வகுப்பார் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவர். எழுத்துப் பிழையைத் திருத்துதலே எம் வேலை. பின்னர்ப் பிள்ளைகள் கேள்வி கேட்பர்.

அக்கேள்விகள் நாம் எதிர்பார்ப்பன அல்ல. சியாச்சினில் இருந்தவரிடம் எத்தனை எதிரியரைக் கொன்றீர் என்று கேட்பர் என அஞ்சியிருந்தோம். ஒருவன், "அங்கே எப்படி ஐயா குளிப்பீர்கள்?" என்றான். குளிப்பதில்லை என்றறிந்தவுடன் பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. மற்றொருத்தி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் உடனே விடுவார்களா என வினவினாள். கொன்றதுண்டா என்ற கேள்வியும் ஒருமுறை வந்தது. விடை சொன்னவர் காவற்காரர். "என் வேலை வெடியை எடுப்பது, கண்ணு. வைப்பதும் உண்டு, ஆனால் எடுத்ததைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். குன்னூரை அடுத்த வெலிங்டனில் தலைமையகமுடைய மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர் ஓர் ஆண்டு, 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்னும் தம் போர் முழக்கத்தைச் சொல்லிக் காட்டினார். அதன்பின் ஒரு திங்கள் வரையில், உணவு இடைவேளையிற் சாப்பாட்டு வரிசை அம்முழக்கத்துடனேயே நகர்ந்தது. சத்துணவு அமைப்பாளர் எம்மிடம் முறையிட்டார். இத்தகைய இடர்களும் இவ்விழாவில் உண்டு என்பதைப் பிற பள்ளியார் அறிந்துகொள்க.

கேட்கலாகாதவையும் உண்டு. எம் ஊரினர் ஒருவர் 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையிற் பணியாற்றியவர். அப்படையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்குள்ள தமிழ் மக்கள் அப்படையால் உற்ற துயரும் சிறிதன்று. திரும்பி வந்த படையினரை வரவேற்க 1990ஆம் ஆண்டில் அந்நாள் முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை, அதன் நியாயத்தை ஆராய்தல் ஈண்டு எம் பணியன்று. அவ்வீரரை நோக்கிச் சிறுவன் ஒருவன், "இலங்கையில் யாரோடு சண்டை போட்டீர்கள்?" என்றான். அவர் வெளியே பெய்யும் மழையை நெடுநேரம் நோக்கியிருந்து, "அவர்களும் நம் பேச்சுத்தான் பேசினார்கள்" என்று சொல்லி நிறுத்தினார். யாம் அடுத்தவரைப் பேசுமாறு வேண்டினோம். மறு ஆண்டு அவர் வாரார் என்றே எண்ணினோம், வந்தார். தாம் பேசப் போவதில்லை என்றும், வேறொன்று கற்பிப்பதாகவும் கூறி, கம்பளிப் போர்வையை மூலை பிசகாமல் மடிக்கும் விதத்தைக் காட்டினார். அன்று முதல் அது அவர்க்குரிய பாடமாயிற்று. ஒருவர் தாம் சொல்ல விரும்புவதைச் சொல்லவும், விரும்பாததைச் சொல்லாதிருக்கவும் இடங்கொடுத்தலே சிறப்பென்று அவரிடமிருந்து கற்றோம்.

சங்கத்தார் திட்டத்தில் எமக்கு உடன்பாடானது யாதெனின், பள்ளிக்கூடத்தை இதற்கு இடமாகக் கொண்டமை. பெரியவர்கள் கூடும் மண்டபத்திற் செய்யின் அது பேச்சோடு போம். பிள்ளைகள் முன் செய்யின் அறுபது ஆண்டு நிற்கும். இனி உடன்பாடல்லாதது. பொன்னாடையும் கேடயமும் நம் சமூகத்தைச் சார்ந்த படைவீரர்க்கு மட்டும் எனத் திட்டத்தின் மூன்றாம் விதி கூறுகின்றது. நம் சங்கத்தின் பொருள் நம்மவர்க்கே செல்லுதல் முறை என்பார் கூற்றை யாம் இகழவில்லை. கல்வி உதவித் தொகைக்கு அது பொருந்தலாம். ஆயின், ஒரே தாழ்வாரத்தில் அமர்ந்த எழுவருள் மூவரை மட்டும் எழுப்பிப் பொன்னாடை போர்த்தினால், பார்த்திருக்கும் பிள்ளைகள் கற்பது யாது? மற்ற நால்வரும் எவ்வெல்லையைக் காத்தனர் என்று அவர்கள் கேட்டால், யாம் எப்புத்தகத்தைப் புரட்டி விடை சொல்வது?

நாம் மறக்குடிப் பிறந்தார், வீரம் நம் குருதியில் உளது என்று இம்மேடையிற் சற்றுமுன் ஒருவர் பேசினார். கேட்க இனிதாயிருந்தது, எமக்கும் இனிதாயிருந்தது. ஆனால் குருதியில் வீரம் தேடும் கணக்கால் நாமே ஒருமுறை தள்ளுண்டோம் என்பதை மறத்தல் கூடாது. ராபர்ட்ஸ் என்னும் ஆங்கிலத் தளபதி 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை பூண்டவர்; பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரானார். தென்னாட்டார் போர்க்குணம் இழந்தனர், வடமேற்குப் புறத்துக் குடிகள் சிலவே போர்க்குடிகள் என அவர் துணிந்தார். அக்கொள்கை வேரூன்றவே, சென்னைக் காலாட் படையணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. எஞ்சியவையும் 1920களில் மறைந்தன. இரண்டாம் உலகப் போரின் நெருக்கடி வந்த பின்னரே, 1940களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது. பிறப்பால் வீரரல்லர் என ஒதுக்கப்பட்ட இந்நாட்டினின்று சென்றவரே சுபேதார் சுப்பிரமணியன். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலி நாட்டு மின்யானோ என்னுமிடத்தில், கண்ணிவெடி ஒன்று மிதியுண்டு வெடிக்கச் சில கணமே இருந்த நிலையில், உடனிருந்த வீரரைக் காத்தற்பொருட்டு அவர் அதன்மேல் வீழ்ந்து தம் உயிரை விட்டார். ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருது அவர்க்கு வழங்கப்பட்டது. அவர் மெட்ராஸ் சாப்பர்களைச் சார்ந்தவர். அவர் எக்குடிப் பிறந்தார் என்று யாம் தேடிப் பார்த்ததில்லை. அவரால் உயிர் பிழைத்தவரும் தேடியிரார்.

மூன்றாம் விதியை நீக்குக என்று வேண்டுவதற்கு எமக்கு நேரிய காரணம் இன்னும் ஒன்று உண்டு. நான்கு ஆண்டுகட்கு முன் சாவடிக் கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இவர்கள் பெயர் நமக்குத் தெரியவில்லை, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள் என்றோம். பெருவீடுகளிலிருந்து கதைகள் பல வந்தன. பாட்டனார் குதிரையேறி மன்னரோடு பேசினார் என்பது முதலியன. பெயரும் ஆண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வவில்லை. ஒரு வாரம் சென்றபின், ஊர்க்கோடியிலுள்ள காலனித் தெருவினின்று வரும் மூன்றாம் வகுப்புச் சிறுவன், மஞ்சட் பையில் ஒரு வட்டப் பதக்கத்தைக் கொண்டுவந்தான். கொள்ளுப்பாட்டியின் பெட்டியில் இருந்ததாம். வெள்ளி, கருத்துக் கிடந்தது. அப்போரில் ஈடுபட்டோர்க்குக் கொடுத்த பதக்கங்களின் விளிம்பில், பெற்றவரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்படுவது வழக்கம். யாம் அதனைப் புளியிட்டுத் துலக்கி, விளிம்பைச் சன்னல் வெளிச்சத்திற் பிடித்தோம். ஆங்கில எழுத்திற் பெயர் தெளிவாக இருந்தது. அச்சிறுவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். அது அவன் தன் பெயருக்கு முன்னே தலையெழுத்தாக இட்டு வரும் அதே எழுத்தில் தொடங்கிற்று.

சாவடிக் கல்லின் எண்களுள் இதுகாறும் பெயராக மாறியது அவ்வொன்றே. சங்கத்தின் மூன்றாம் விதிப்படி அப்பெயர்க்கு நம் பொன்னாடை இல்லை.

ஆதலின் யாம் வேண்டுவது இது. கேடயத்திற்கும் ஆடைக்கும் ஒதுக்கிய தொகையைக் கொண்டு, எம் பள்ளித் தாழ்வாரச் சுவரிற் கருங்கற் பலகை ஒன்று பதித்துத் தருக. கல் நம் பக்கத்தில் மலிவு, எழுத்துக்கே செலவு. ஊரினின்று படைக்குச் சென்ற யாவர் பெயரும், எத்தெருவினராயினும், சேர்ந்த ஆண்டு முறையில் அதில் வரட்டும். சங்கத்தின் பெயரை அடியிற் சிறிதாகப் பொறித்துக்கொள்ளுதலில் எமக்குத் தடையில்லை. இடப்பக்கத்தில் 1914 முதல் 1919 வரை சென்றார்க்கெனச் சாவடிக் கல் காட்டும் எண்ணளவு வரிகளை விடுவோம். முதல் வரியில் அப்பதக்கத்துப் பெயர் இருக்கும். ஏனைய வெறுமையாக இருக்கும்.

உங்கள் வீடுகளிலும் பழம் பெட்டிகள் இருக்கலாம். வெள்ளிப் பதக்கத்தை உருக்கிக் கொலுசு செய்தோர் உண்டு என்று கேள்வி. உருக்காதவை இருப்பின் விளிம்பைப் பாருங்கள். எழுத்து மங்கியிருந்தால் அப்படியே கொணர்க. அழுந்தத் தேய்த்து அழித்துவிட வேண்டா. கூட்டம் முடிந்தபின் வாயிலை ஒட்டிய மேசையிற் குறிப்பேட்டுடன் யாம் இருப்போம். எம்முடன் காவற்காரரும் வந்திருக்கின்றார். படைப்பிரிவுகளின் குறுக்கெழுத்துக்களை எம்மினும் அவர் நன்கறிவார்.